வண்டி மேல் தப்பில்லை

ஓரிக்கையிலிருந்து வந்திருந்தவர் எங்கள் வீட்டு வாசலில் குந்தி உட்கார்ந்து, ஸ்கூட்டரின் இடது பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு நீலப் பெயிண்ட் உரிந்து, உள்ளே கறுப்பாகத் தெரிந்தது. விரலில் ஒட்டிய தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“அடிபட்ட வண்டியாங்க?”

வாசலில் நாங்கள் மூன்று பேர் நின்றிருந்தோம். நான், என் மனைவி சகுந்தலா, எங்கள் மகள் கலை. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை செய்கிற கலை, இந்த விற்பனைக்காகவே அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். வந்தவருடைய பெண் அதே கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் போய்வரக் கஷ்டமாக இருக்கிறது என்று வண்டி கேட்டிருக்கிறாள். கலைதான் எங்கள் வண்டியைப் பற்றிச் சொல்லி அவரை அனுப்பியவள்.

அவர் கேட்டதற்குப் பதில் சொன்னது சகுந்தலா.

“வண்டி மேல தப்பில்லைங்க. தைரியமா வாங்கிக்கினு போங்க. ஓட்டினவ மேலதான் தப்பு.”

சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்தபடி நின்றிருந்தாள். மாவுக்கட்டு பிரித்து இரண்டரை மாதம் ஆகியும் அந்தப் பழக்கம் அவளுக்குப் போகவில்லை.

என் கையில் வண்டியின் ஆர்.சி. புத்தகம் இருந்தது. அதை நீட்டினால் வேலை முடிந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தேன். திறந்து என்ன சொன்னேன் என்று எழுதுவதற்கு முன்னால், கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

யாரும் கல்யாணம் வைக்காத நாள்

நாற்பது வருஷம் இந்த ஊரில் போட்டோ எடுத்தேன். ஸ்டூடியோ வைத்ததையும் மூடியதையும் இந்தத் தொடரில் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். எழுதாமல் விட்டது எங்கள் வீட்டு விசேஷங்களைத்தான். எழுதும்படி அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

கலை தை மாதத்தில் பிறந்தவள். தை என்றால் கல்யாணப் போட்டோக்காரன் வீட்டில் இருக்க மாட்டான். அதனால் அவள் பிறந்தநாளை நாங்கள் காலண்டரைப் பார்த்துத் தள்ளிவைப்போம். ஊரெல்லாம் நல்ல நாள் தேடுவார்கள். நாங்கள் அஷ்டமி, நவமி எப்போது வருகிறது என்று தேடுவோம். அன்றைக்குத்தான் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் கலைக்குத் தன் உண்மையான பிறந்த தேதியே தெரிந்தது.

வெளியூர் போவதும் அப்படித்தான். கோயிலோ ஆறோ உள்ள ஊரில் எனக்குக் கல்யாணம் கிடைத்தால், சகுந்தலா கூட வருவாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நான் சாப்பிடும்போது கடைசிப் பந்தியில் சாப்பிடுவாள். திரும்பும்போது கேமரா பை அவள் மடியில், ஃப்ளாஷ் குடை அவள் கக்கத்தில். வண்டியில் ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் தோளில் ஒரு கையை வைத்துக்கொள்வாள்.

அப்படி என் பின்னால் உட்கார்ந்து வந்த முப்பத்தைந்து வருஷத்தில் நான் எப்படி ஓட்டுகிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எத்தனையோ முறை தூக்கக் கலக்கத்தில் ஓட்டியிருக்கிறேன். திடீரென்று பிரேக் போட்டால், பையைச் சரிசெய்துகொண்டு மறுபடி தோளில் கையை வைப்பாள். அவ்வளவுதான்.

திருமுக்கூடலுக்கு மட்டும் அவள் வந்ததில்லை. அங்கே எனக்கு ஒரு கல்யாணம் கிடைத்தபோது கலைக்கு அம்மை போட்டிருந்தது. நான் மட்டும் போய்விட்டு வந்து, மூன்று ஆறு சேருகிற இடத்தையும் கோயில் சுவர் முழுக்க வெட்டியிருக்கிற எழுத்தையும் பற்றிச் சொன்னேன். “ஒரு நாள் போவலாம்” என்றாள். அந்த ஒரு நாள் வருவதற்குள் கலைக்கே ஒரு பெண் பிறந்து, அவளும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள்.

எண்ணெய் விரல்

ஸ்டூடியோவை மூடிய மறுவருஷம் என் வலது கண் கெட்டது. சர்க்கரைதான் காரணம். லென்ஸில் எண்ணெய் விரல் பட்டுவிட்டால் எப்படி இருக்கும், அப்படி நடுவில் ஒரு மங்கல். துடைத்தாலும் போகாது. வாழ்நாள் முழுக்கக் கேமராவில் வைத்துப் பார்த்த கண் அதுதான்.

கண் டாக்டர் சின்னப் பெண். “இந்தக் கண்ணுல போனது திரும்ப வராதுங்க. இடது கண்ணு நல்லா இருக்குது, அதைக் காப்பாத்திக்கலாம். ஆனா இனிமே டூ வீலர் மட்டும் வேணாங்க” என்றார்.

ஸ்கூட்டருக்கு உறை போட்டு மூடினேன். எட்டு மாதம் அது அப்படியே நின்றது. ஏனாத்தூரில் இருக்கும் மகளைப் பார்க்க டவுன் பஸ்ஸில் போனோம், வந்தோம்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டு வெளியே வந்தால், சகுந்தலா உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈரத் துணியால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இத ஓட்டக் கத்துக்கணும்னா எத்தினி நாள் ஆவும்?”

“யாருக்கு?”

“எனக்குத்தான். வேற யாருக்கு?”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு.

லைசென்சில் ஒரு சிரிப்பு

எங்கள் தெருவில் செல்வி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓரிக்கைப் பக்கம் ஆற்றோரத் திடலில் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருவாள். சகுந்தலா அவளிடம் போனாள். சேலையில் வேண்டாம் என்று செல்வி சொல்லிவிட்டதால், கலையின் சுடிதார் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அதோடு தெருவில் நடக்கக் கூச்சப்பட்டு, முதல் வாரம் ஒரு துப்பட்டாவுக்கு மேல் இன்னொரு துப்பட்டா போர்த்திக்கொண்டு போனாள்.

நானும் கூடப் போவேன். திடலில் ஒரு வேப்ப மரத்தடியில் நிற்பேன்.

“சக்கரத்தப் பாக்காதீங்க ஆன்ட்டி, எதுக்க பாருங்க! எங்க போவணுமோ அங்க பாருங்க!” என்று செல்வி பின்னாலேயே ஓடுவாள். சகுந்தலா ஐந்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போனாள். ஆறாவது ஞாயிறு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். திடலின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பத் தெரியாமல் அங்கேயே நிறுத்திவிட்டு, இறங்கி வண்டியைத் தள்ளித் திருப்பி, மறுபடி ஏறி வந்தாள். முகமெல்லாம் வியர்வை. “பாத்தீங்களா?” என்றாள். “பாத்தேன்” என்றேன்.

லைசென்சுக்குப் போன இடத்தில் கவுன்ட்டரில் ஒரு சின்னக் கேமரா. நேர் மேலே டியூப் லைட். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “முகத்தக் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க சார், கண்ணுக்குக் கீழ நிழல் விழுது” என்றேன்.

அங்கே இருந்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இது லைசென்சு சார். கல்யாண ஆல்பம் இல்ல.”

சகுந்தலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர் பட்டனைத் தட்டிவிட்டார். லைசென்சில் அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். கேமராவைத் தூக்கினாலே முகத்தை இறுக்கிக்கொள்கிறவள் அவள். நான் எடுத்த ஒரு படத்திலும் அப்படிச் சிரித்ததில்லை.

எட்டுப் போடுவதில் முதல் தடவை காலை ஊன்றிவிட்டாள். இரண்டாவது தடவை ஊன்றாமல் போட்டாள். லைசென்சு வந்த வாரத்திலிருந்து, ஏனாத்தூரில் பேத்தி யாழினியைப் பள்ளிக்கூடம் விட்டதும் அழைத்துப்போய்க் கலை வரும்வரை பார்த்துக்கொள்வது சகுந்தலாவின் வேலை ஆயிற்று. அதற்கு முன்னால் குழந்தை ஆட்டோவில் எட்டுப் பேரோடு நெருக்கிக்கொண்டு வரும்.

“ஆயா, ஹாரன் அடி ஆயா” என்று யாழினி பின்னாலிருந்து கேட்பாளாம். யாரும் இல்லாத ரோட்டில் சகுந்தலா அவளுக்காக ஹாரன் அடிப்பாளாம். சாயங்காலம் வந்து இதையெல்லாம் எனக்குச் சொல்வாள். நாற்பது வருஷம் வேலை முடிந்து வந்து கதை சொன்னவன் நான். இப்போது அவள் சொல்ல, நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பழைய சீவரம் வருவதற்கு முன்னால்

இந்த இடத்தில் நான் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

அந்த நாள்களில்தான் என் இடது கண்ணிலும் ஒன்று ஆரம்பித்திருந்தது. காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்தால், நடுவில் உள்ள கம்பிகள் வளைந்து தெரியும். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்ப்பேன். அப்போதும் வளைந்துதான் இருக்கும். தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் அவர் அதற்கு ஒரு பெயர் சொல்லிவிடுவார். பெயர் சொல்லாதவரை அது இல்லை என்று வைத்துக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

சகுந்தலா முதல் வெளியூர்ப் பயணத்துக்குத் திருமுக்கூடலைத்தான் சொன்னாள். ஒரு திங்கட்கிழமை. எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கெல்லாம் கிளம்பினோம். வாலாஜாபாத்தில் நிறுத்தி டீ குடித்தோம். மேசையில் மறந்து வைத்த வண்டிச் சாவியை டீக்கடைக்காரர் என் பக்கம் நீட்ட, அவள் வாங்கிக்கொண்டாள்.

வாலாஜாபாத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. அவள் இடது ஓரமாக, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். பழைய சீவரம் வருவதற்கு முன்னால் எதிரே ஒரு ஜல்லி லாரி வந்தது. அது தன் பக்கத்தில்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு நடுக்கோடு வளைந்து, லாரி எங்கள் மேலேயே திரும்புவது போலத் தெரிந்தது.

“ஒடி! ஒடி! லெஃப்ட்ல ஒடி!” என்று கத்தி, அவள் இடது தோளைப் பிடித்து இழுத்தேன்.

வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்து மணலில் வழுக்கிச் சாய்ந்தது. லாரி தன் பாட்டுக்குப் போய்விட்டது. அந்த டிரைவருக்கு நாங்கள் விழுந்ததே தெரிந்திருக்காது.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. சகுந்தலா இடது கையை ஊன்றி விழுந்திருந்தாள். மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தூக்கினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி, “இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா வண்டி?” என்றாள். சகுந்தலா தலையைக் குனிந்துகொண்டாள்.

புடிச்சிக்கினாரு

ஆஸ்பத்திரிக்குக் கலை அழுதுகொண்டே வந்தாள். “எப்பிடிம்மா விழுந்த?”

“ஓரத்து மண்ணுல எறக்கிட்டேன் போலம்மா. நான்தான் பேலன்ஸ் விட்டுட்டேன்” என்றாள் சகுந்தலா. பிறகு என்னைக் காட்டி, “விழப் போறப்ப இவரு தோளப் புடிச்சிக்கினாரு. இல்லன்னா லாரி பக்கம் சாஞ்சிருப்பேன்” என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது அவளுக்குக் குழம்பிப் போயிருந்தது. வண்டி சாய்ந்தது, அதனால் நான் பிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் பிடித்தேன், அதனால் சாய்ந்தது. இதைத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் கத்தினாய் என்ற கேள்வி வரும். ஏன் என்றால் இடது கண்ணைச் சொல்ல வேண்டும். நான் சும்மா இருந்தேன்.

மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருக்கும்போது கலை இன்னொன்று கேட்டாள். பயத்தில் கேட்டதுதான், குத்திக் காட்ட வேண்டும் என்று இல்லை. “பின்னாடி யாழினி உக்காந்துக்கினு இருந்து, அப்ப விழுந்திருந்தா?”

சகுந்தலா மறுநாளே வண்டிச் சாவியைக் கலையிடம் கொடுத்துவிட்டாள். யாழினி மறுபடி ஆட்டோவில் போக ஆரம்பித்தாள்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் சமைத்தேன். ரசம் எனக்குக் கைவந்தது, மற்றது எதுவும் வரவில்லை. அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டேன். கல்யாணப் பெண்களின் சடையை நேராக வைக்கச் சொல்லி எத்தனை முறை அதட்டியிருப்பேன், எனக்குக் கூந்தலை மூன்று காலாகப் பிரித்துப் பின்னத் தெரியவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள், “இவரு புடிச்சிக்கினாரு, பொழச்சேன்” என்று சொன்னாள். வந்தவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். நான் காப்பி போட உள்ளே போய்விடுவேன்.

அடிக்கடி ஒன்று கேட்பாள். “நான் எந்த எடத்துலங்க விட்டேன்? லாரி தாண்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா? யோசிச்சி யோசிச்சிப் பாக்கறேன், புடிபடவே மாட்டேங்குது.”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?” என்பேன்.

கட்டுப் பிரித்த பிறகும் கேட்டாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். அது கேட்டதைவிட மோசமாக இருந்தது. யாழினி ஓடி வந்து தூக்கச் சொன்னால், கை வலிக்கிறது என்பாள். கை வலிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கையால்தான் அவள் குடம் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அடிபட்டு நான்காவது மாதம் வண்டியை விற்றுவிடலாம் என்று கலை சொன்னாள். சகுந்தலா சரி என்றாள்.

உட்கார்ந்தவன்

அப்படித்தான் ஓரிக்கைக்காரர் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். ஓட்டினவ மேலதான் தப்பு என்று சகுந்தலா சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் என்று எழுதினேன் அல்லவா, அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அழுதிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ.

“ஓட்டினவ மேலயும் தப்பில்லைங்க” என்றேன் அவரிடம். “பின்னாடி உக்காந்திருந்தவன் மேல.”

அவர் புரியாமல் பார்த்தார். அவரைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். சகுந்தலாவைப் பார்த்துச் சொல்லும் தைரியம் இல்லை.

“அவ ஒழுங்காதான் போயிக்கினு இருந்தா. லாரி மேல வருதுன்னு நான்தான் கத்தி, தோளப் புடிச்சி இழுத்தேன். இழுத்த பிறவுதான் வண்டி மண்ணுல எறங்கிச்சு.”

“இன்னாப்பா சொல்றீங்க?” என்றாள் கலை.

ஓரிக்கைக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, “நான் வேணா அப்பறமா வரட்டுங்களா?” என்றார்.

“வர வேணாங்க” என்றாள் சகுந்தலா. “வண்டி விக்கிறதுக்கு இல்ல. வெயில்ல வந்துட்டீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க.”

மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே என்னை உற்றுப் பார்த்து, “நீங்க போட்டோக்காரர்தான? எங்க அண்ணன் கல்யாணத்துக்கு நீங்கதான் எடுத்தீங்க” என்றார். ஆமாம் என்றேன். நல்லா வந்திருந்துச்சு என்று சொல்லிவிட்டுச் செம்பை வைத்துவிட்டுப் போனார்.

சகுந்தலா என் கையிலிருந்து ஆர்.சி. புத்தகத்தை வாங்கினாள். கலையிடம் கையை நீட்டினாள். கலை சாவியைக் கொடுத்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனவள், அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

ஐந்தாம் நாள்

தெரியும், எப்போது சொல்வீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவள் சொல்வாள் என எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், உள்ளூரத் தெரிந்துதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது. இத்தனை வருஷமும் நான் சொன்னதையெல்லாம் அவள் முழுசாக நம்பியிருந்தாள். நான் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து.

நான்கு நாள் சோறு போட்டாள், மாத்திரை எடுத்து வைத்தாள், பேசவில்லை. ஐந்தாம் நாள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கையில் ஈரப் புடவையோடு திரும்பி நின்றாள்.

“ஏன் சொல்லல?”

இடது கண்ணைச் சொன்னேன்.

புடவையைக் கொடியில் போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஜன்னல் முன்னால் நிறுத்தினாள். வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். “இன்னா தெரியுது?”

“ஆறு கம்பி. நடுவுல ரெண்டு வளைஞ்சி இருக்குது.”

“எத்தினி நாளா?”

“நீ லைசென்சு எடுத்த நேரத்துலேருந்து.”

கையை எடுத்தாள். கோபம் தணியும் என்று நினைத்தேன். தணியவில்லை.

“கை ஒடஞ்சத விடுங்க. அது சேந்துடுச்சி. கலை கேட்டாளே, கொழந்த பின்னாடி இருந்திருந்தான்னு. அன்னிலேருந்து யாழினியத் தூக்கறதுக்கே எனக்குக் கை வரல. எங்கியாவது போட்டுடுவேனோன்னு பயம். அது உங்களுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லியிருக்கலாம். “தெரியும்” என்றேன்.

அவள் என்னைப் பார்த்த அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. “நாளைக்குக் காலையில கண்ணாஸ்பத்திரி” என்றாள். “ஆட்டோ வேணாம்.”

அன்று சாயங்காலம் கலை குழந்தையோடு வந்தாள். அம்மாவும் மகளும் சமையலறையில் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது கலை, “திங்கக்கெழமையிலேருந்து நீயே யாழினியக் கூட்டிக்கினு வந்துடும்மா” என்றாள். சகுந்தலா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஏழு வயதுக் குழந்தை, கால் இரண்டும் அவள் முழங்கால் வரை தொங்கின.

திரும்பும் வழி

கண்ணாஸ்பத்திரியில் அதே சின்னப் பெண்தான் டாக்டர். என்னைத் திட்டினார். நான்கு மாதம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், இப்போதும் மோசமில்லை, இடது கண்ணில் மாதம் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கே முதல் ஊசி. போட்டு, பஞ்சு வைத்து ஒட்டி அனுப்பினார்கள். நல்ல கண் மூடியிருந்தது. மிச்சமிருந்த வலது கண்ணில் எல்லாம் புகை.

“கூட யாரு வந்திருக்கா? வண்டி யாரு ஓட்டறது?” என்று நர்ஸ் கேட்டாள்.

“நான்தான்” என்றாள் சகுந்தலா.

வெளியே வந்து எனக்கு ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரைப் போட்டுவிட்டாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்று காலைதான் அவள் வண்டியைத் தொட்டிருந்தாள். இப்போது அவள் ஏறி உட்கார்ந்து, நான் பின்னால் தட்டுத் தடுமாறி ஏறியதும், திரும்பாமலே சொன்னாள்.

“கைய உங்க முட்டி மேலயே வச்சிக்குங்க. இன்னா வருதுன்னு நான் சொல்லிக்கினே வரேன்.”

வைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது.

“முன்னாடி ஒரு பஸ்சு நிக்குது. வலது பக்கமா தாண்டறேன்.”

தாண்டினாள். டீசல் புகை மூக்கில் ஏறி இறங்கியது.

“ஸ்பீடு பிரேக்கர்.”

தூக்கிப் போட்டது.

“ஒரு மாடு. அதுபாட்டுக்குப் போயிடும்.” வேகத்தைக் குறைத்தாள். மணிச் சத்தம் என் இடது பக்கமாகப் போயிற்று.

பூக்கடைகள் வந்தது வாசனையில் தெரிந்தது. பின்பு, குரலை ஏற்றாமல் இறக்காமல், “எதுக்க லாரி வருது. நம்மள விட்டுத் தள்ளிதான் வருது” என்றாள்.

அது வருகிற சத்தம் கேட்டது. பெரிதாகிக்கொண்டே வந்தது. அவள் வண்டி ஆடவில்லை. சூடான காற்று வலது பக்கமாக அடித்துவிட்டுப் போனது. மணல் துகள் இரண்டு உதட்டில் பட்டன.

“போயிடுச்சி” என்றாள்.

நான் பயப்படவில்லை என்று எழுதத்தான் ஆசை. நன்றாகவே பயந்தேன். கையை மட்டும் முட்டியிலிருந்து எடுக்கவில்லை.